முன்வரிசையில் நானூற்றுப் பதினேழு

திங்கட்கிழமை எங்கள் போர்க்கள அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மினுக்கக்காவுக்கு அன்றுதான் உண்மையான வேலை நாள். மற்ற நாட்களில் தரை பெருக்குவார், கண்ணாடி துடைப்பார், குழந்தைகள் பீரங்கி வாய்க்குள் திணித்துவிட்டுப் போகும் மிட்டாய்த் தாள்களைக் குச்சியால் நெம்பி எடுப்பார். திங்கட்கிழமை காலையில் காப்பாட்சியர் வந்து கண்ணாடிப் பெட்டிகளின் பூட்டுகளைத் திறந்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். அதன்பிறகு மாலைவரை அக்காவும், ஒரு டப்பா வெள்ளைக் களிம்பும், கிழிந்த பனியன் துணிகளும், செத்துப்போனவர்களின் சாமான்களும்தான்.

பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. தன் தலையைக்கூட ஒழுங்காக வாரிக்கொள்ளாதவருக்கு மினுக்கு என்று பெயர். பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து வந்த பெயர். டிக்கெட் கவுண்டரில் நான் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முதல் பெட்டியில் தளபதியின் வாளும் கையுறையும். மூன்றாவதில் மூன்றே பல் மிஞ்சிய ஒரு சீப்பு, துளை விழுந்த தண்ணீர்க் குடுவை, தோட்டா உறையில் செய்த பேனா. ஐந்தாவது முழுக்க நினைவுப் பொருள்கள்: இருபதாம் ஆண்டு விழாவுக்கு அடித்த பீங்கான் தட்டுகள், குன்றின் படம் போட்ட கோப்பைகள், பதக்கங்கள். ஏழாவது பெட்டி மூலையில் இருந்தது. அதற்கு நேராக விளக்குக்கூடக் கிடையாது. அதில் நீல வெல்வெட் விரித்த ஒரு தட்டு. தட்டில் அறுபத்து மூன்று பித்தளை வில்லைகள், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

அவை சிப்பாய்களுடையவை அல்ல. நாற்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் அந்தக் குன்றின்மேல் சண்டை நடந்தபோது, கீழேயிருந்து தண்ணீரும் குண்டுப் பெட்டிகளும் சுமந்து ஏற ஆட்களைப் பிடித்தார்கள். சுற்றுவட்டாரத்து இளைஞர்கள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. கழுத்தில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு வில்லை மட்டும். கடைசி இரண்டு நாள் குண்டு வீச்சில் மேலே போனவர்கள் யாரும் இறங்கவில்லை. பல வருடம் கழித்து மண்ணைத் தோண்டியபோது இந்த வில்லைகள் கிடைத்தன. அருங்காட்சியகப் பதிவேட்டில் அவற்றைப் பற்றி ஒரே வரி: 'பித்தளை வில்லைகள், தட்டு ஒன்று, 63.' எண்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

அக்காவின் அண்ணன் அந்தச் சுமைக்காரர்களில் ஒருவர். போகும்போது அவருக்கு இருபத்து நான்கு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். அவரிடமிருந்து வந்த ஒரே கடிதத்தின் தலைப்பில் தன் எண்ணை எழுதியிருந்தார்: 417. பிறகு கடிதம் இல்லை. ஆளும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தபால் வந்தது. பணியிலிருந்து ஓடிப்போனவர் என்று அதில் இருந்தது. திரும்பாத சுமைக்காரர்கள் எல்லாருக்கும் அதே தபால்தான் போனது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தெருக்குழாயில் தண்ணீர் நின்றால், "என்ன, இதுவும் ஓடிப்போச்சா, அவ புருஷன் மாதிரி" என்று வரிசையில் யாராவது சொல்வார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டுக்குள் வந்து திட்டுவார். குழாயை அல்ல, புருஷனை.

அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஏழாவது பெட்டியில், பின்வரிசையில், பாதி மறைந்து கிடந்த வில்லையில் அக்கா 417 என்று படித்தார். யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் போடாமல் அதை எடுத்து முன்வரிசையின் நடுவில் வைத்தார். மற்ற வில்லைகளுக்கு மாதம் ஒருமுறைதான் களிம்பு. அந்த ஒன்றுக்கு மட்டும் வாராவாரம். கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால்.

இந்த வருடம் தொடக்கத்தில்தான் செய்தி வந்தது. எங்கேயோ ஒரு பழைய ராணுவக் கிடங்கில் சுமைக்காரர்களின் ஆள்பதிவேடு அகப்பட்டிருக்கிறது. எண்ணும் பெயரும் இருக்கின்றன. திரும்பாத எல்லார் பெயருக்கு எதிரிலும் 'ஓடிப்போனவர்' என்று ஒரே கையெழுத்தில் எழுதியிருக்கிறது. குன்றின் அடிவாரத்தில் ஒரு புதிய கல்சுவர் எழுப்பப் போகிறார்கள். போர்க்களத்து மண்ணில் எவருடைய வில்லை கிடைத்ததோ அவர் அங்கேயே இறந்தவராகக் கொள்ளப்படுவார். அவர் பெயர் கல்லில் வெட்டப்படும், பதிவேட்டில் திருத்தப்படும். வில்லை இல்லாதவர்கள் ஓடிப்போனவர்களாகவே இருப்பார்கள். விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வருவார். உரிமை கோருபவர், மனைவியாக இருந்தால் மனைவியே, நேரில் வர வேண்டும்.

அன்று மாலை அக்கா உரிமை கோரும் படிவத்தோடு வீட்டுக்குப் போனார். அண்ணி ஒரு சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். மடியில் பத்துச் சட்டை கிடந்தது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. கைதான் சும்மா இல்ல, காது சும்மாதான் இருக்கு."

"அண்ணன் ஓடிப்போகல."

"யாரு சொன்னா? உன் பீரங்கியா?"

"அவனோட வில்லை எங்ககிட்ட இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள. குன்றுல தோண்டினப்ப கிடைச்சது."

அண்ணியின் ஊசி நின்றது. "நீ எப்போ பாத்த?"

"வேலைக்குச் சேந்த மூணாவது வாரம்."

அண்ணி கணக்குப் போட்டார். அதற்கு நேரம் பிடிக்கவில்லை. "பத்தொம்போது வருஷம். தினம் சாயங்காலம் வந்து என் எதிர்ல உக்காந்து, நான் அந்த மனுஷனைத் திட்டறதைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

"நீங்க திட்டினா அவன் எங்கேயோ உயிரோட இருக்கான்னு தோணும் அண்ணி. அதை நிறுத்த மனசு வரல."

"உன் மனசு ஆறறதுக்கு என் வாயா கிடைச்சுது?"

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இன்னும் இரண்டு பொத்தான் தைத்தார். பிறகு கையை நீட்டினார். "கொடு அந்தப் படிவத்தை."

உறவு என்ற இடத்தில் வந்து பேனா நின்றது. "இங்க என்னன்னு போடறது? மனைவியா, விதவையா?"

"மனைவின்னு போடுங்க."

"சரி. செத்தவர்னு அவங்க எழுதட்டும், அப்புறம் நான் மாத்திக்கறேன்." கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்: "அழறதுக்கு எனக்கு ஒரு தேதியாவது கிடைக்கும்."

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு திங்கட்கிழமை, வில்லைகளின் எண்களைப் பட்டியல் எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், இருவரும் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அக்கா படித்தார், நான் எழுதினேன். காப்பாட்சியர் பக்கத்தில் நின்றார்.

அக்கா பின்வரிசையிலிருந்து தொடங்கினார். எண் படிக்கும்போதே குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "ஐந்நூத்தி மூணு. எரநூத்தி எம்பது. இவன் கொஞ்சம் நெளிஞ்சிருக்கான், நூத்திப் பதினொண்ணு." முன்வரிசை நடுவிலிருந்ததைக் கடைசிக்கு விட்டிருந்தார். அதை எடுத்து, பார்க்காமலே என்னிடம் நீட்டினார். "நானூத்திப் பதினேழு. எழுதிக்கங்க தம்பி."

எழுதிவிட்டுச் சரிபார்க்க விளக்கின் கீழே பிடித்தேன். அதில் விளக்கு தெரிந்தது. என் மூக்கு தெரிந்தது. எண் தெரியவில்லை.

"அக்கா, இதுல ஒண்ணும் இல்லையே."

"உங்க கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. காப்பாட்சியர் வாங்கிப் பார்த்தார், அக்காவிடம் கொடுத்தார். அக்கா கட்டைவிரலால் தடவினார். ஒருமுறை, இன்னொருமுறை. முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"போன வாரம் இருந்துதே," என்றார்.

போன வாரம் இருந்திருக்காது. போன வருடமும் இருந்திருக்காது. அது லேசாக அடித்த எண். வாரத்துக்கு ஒரு துளியாக ஒவ்வொரு கோடும் தேய்ந்து போயிருக்கும். தனக்கு மனப்பாடமான எண்ணை அவர் எந்த வருடத்திலிருந்தோ படிப்பதை விட்டிருக்கிறார். திங்கட்கிழமைதோறும் அவர் பார்த்தது தன் ஞாபகத்தை.

"மாசத்துக்கு ஒருதடவைதானேம்மா களிம்பு?" காப்பாட்சியர் மெல்லக் கேட்டார்.

"இவனுக்கு மட்டும் வாராவாரம் சார்."

அவர் கெட்டவர் அல்ல. என் பட்டியலை வாங்கிக் கடைசி எண்ணை அடித்துவிட்டு, 'எண் இல்லாதது, 1' என்று எழுதினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அக்கா செய்ததையெல்லாம் நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பாட்சியரிடம் கெஞ்சி வில்லையை வாங்கி, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாள் சீராகக் கறுத்தது. சுண்ணாம்புத் தூளைத் தடவி ஊதினார். டார்ச்சைச் சாய்த்து அடித்தார். நடுப்பகல் வெயிலில் வாசலுக்குக் கொண்டுபோய்க் குனிந்து, சாய்ந்து, கடைசியில் மண்டியிட்டுப் பார்த்தார். உல்லாசப் பயணம் வந்த ஒரு குடும்பம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

புதன்கிழமை அவருக்கு இன்னொரு யோசனை. வாசலில் இருக்கும் நினைவுப்பொருள் கடையில் பழைய அஞ்சலட்டைக் கட்டுகள் கிடந்தன. இருபதாம் ஆண்டு விழாவுக்கு அச்சடித்து விற்காமல் போனவை. மூன்று அட்டைப்பெட்டியைக் கொட்டித் தேடினோம். குன்று, பீரங்கி, தளபதியின் வாள், மறுபடி குன்று. கடைசிக் கட்டில் ஏழாவது பெட்டியின் தட்டு இருந்தது. அக்கா வேலைக்கு வருவதற்கு முன் எடுத்த படம். பூதக்கண்ணாடி வைத்துப் பின்வரிசையைத் தேடினோம். அக்கா சொன்ன இடத்தில் ஒரு வில்லை மேல் பக்கத்து வில்லை ஏறிக் கிடந்தது. அடியில் இருந்ததன் ஓரத்தில் ஒரு 4 மட்டும் தெரிந்தது.

"நாலு தெரியுதே," என்றார் அக்கா.

நாலில் தொடங்கும் வில்லைகள் அந்தத் தட்டில் இருபத்திரண்டு இருந்தன. அது அவருக்கே தெரியும். அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

அண்ணியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. வீட்டில் அண்ணி விசாரணைக்குக் கட்டிக்கொண்டு போக எந்தச் சேலை என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு வருடத்தில் அருங்காட்சியகம் இருக்கும் பக்கமே அவர் வந்ததில்லை. "அங்க போய் என்னன்னு சொல்லிக்கறது, ஓடினவன் பொண்டாட்டி வேடிக்கை பாக்க வந்திருக்கான்னா?" என்பார். இப்போது கேள்வியே வேறு: "உள்ள போனா வில்லையைத் தொட விடுவாங்களா?"

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சாவிவளையக்காரர்தான் பிறகு என்னிடம் சொன்னார். வண்டி நிறுத்தும் இடத்தில், ஒரு பெரிய குடையின் கீழே அவருடைய கடை. சுமைக்காரர் வில்லை மாதிரியே தகட்டில் செய்து, கேட்கிற எண்ணை அடித்துச் சாவிவளையமாகக் கொடுப்பார். வருகிறவர்கள் கல்யாணத் தேதி, வண்டி எண் எல்லாம் அடித்துக்கொண்டு போவார்கள். ஒருவர் தன் ரத்த அழுத்தத்தை அடித்துக்கொண்டாராம்.

அக்கா வில்லையை அவர் முன்னால் வைத்தார். "நாலு, ஒண்ணு, ஏழு. அடிச்சுக் கொடு."

அவர் எடுத்துப் பார்த்தார். "இது என் சரக்கு இல்லையே அக்கா. நிஜம்லா?"

"ஆமா."

"உங்க பெட்டிக்குள்ள இருக்கறதா?"

"அடிப்பியா, மாட்டியா?"

"சுத்தியலால மூணு தட்டு. காக்காவுக்குக்கூடத் தெரியாது. ஆனா என்னைக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவேன்."

"உன்னை யாரும் கேக்கல."

அவர் 4 அச்சை எடுத்து வைத்து, எப்போதும் புதுத் தகட்டுக்குப் போடும் வேகத்திலேயே சுத்தியலைப் போட்டார். அந்த வில்லை புதுத் தகடு இல்லை. பத்தொன்பது வருடம் தேய்ந்து இலை மாதிரி மெலிந்திருந்தது. 4 உள்ளே இறங்கி மறுபக்கம் கிழித்துக்கொண்டு வந்தது. வில்லை நடுவில் குழிந்து மடிந்தது. இன்னொரு அச்சு வைக்க அதில் இடமே இல்லை.

"கையால நிமித்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டாராம்.

அக்கா வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் குடைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். வளையம் வாங்க வந்தவர்கள் அவரைக் கடைக்காரர் என்று நினைத்து விலை கேட்டார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. பெரிய கூடத்தில் மேசை போட்டிருந்தது. பெஞ்சுகளில் பத்தொன்பது குடும்பங்கள். அண்ணி சாம்பல் நிறச் சேலை கட்டி, முதல் பெஞ்சின் ஓரத்தில், மடியில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். மடிந்த வில்லை முன்வரிசை நடுவில் அதன் இடத்திலேயே இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. மறைத்தால் எண்ணிக்கை அறுபத்திரண்டு ஆகிவிடும்.

அதிகாரி அமைதியானவர். முதலில் எண்ணினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டார். முன்வரிசையில் வந்து நின்றார்.

"இது என்ன?"

காப்பாட்சியர் முன்னால் வந்தார். "எண் அழிஞ்சது சார். பட்டியல்ல குறிச்சிருக்கேன்."

"அழிஞ்சதுல ஒரு நாலு இருக்கே. அதுவும் புதுசா அடிச்ச நாலு. விளிம்பு கையைக் கிழிக்குது." வில்லையை மேசைமேல் தனியாக வைத்தார். "இதுல யாரோ கை வெச்சிருக்காங்க."

"மண்ணுலயே அடிபட்டிருக்கலாம்," என்றார் காப்பாட்சியர். அவர் அக்காவைப் பார்க்காமல் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒண்ணுல கை வெச்சவங்க மத்ததுல வெக்கலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" அதிகாரி தாள்களை அடுக்கத் தொடங்கினார். "தட்டை முழுசா சோதனைக்கு அனுப்பிடலாம். ஆறு மாசம், எட்டு மாசம் ஆகும். கல்வெட்டு வேலை அடுத்த வாரம் ஆரம்பிக்குது. சோதனை முடிஞ்சு இடம் மிச்சம் இருந்தா பாக்கலாம்."

பெஞ்சுகளில் சலசலப்பு. ஒரு கிழவர் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார்.

அக்கா தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தார். அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி, இன்னும் ஒன்றும் புரியாமல், 'சொல்லேன், நம்மளதை எடுத்துக் காட்டேன்' என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"நான்தான் சார்," என்றார் அக்கா.

"என்ன நீங்கதான்?"

"அடிச்சது. வெளிய கொண்டுபோய் அடிச்சேன். இந்த ஒண்ணுதான். மத்த அறுபத்திரண்டையும் நான் துடைச்சதோட சரி."

"ஏன் அடிச்சீங்க?"

"அது நானூத்திப் பதினேழு சார். என் அண்ணனோடது. நான் தேச்சுத் தேச்சு அழிச்சுட்டேன். அதான் திரும்ப வெக்கலாம்னு." சேலைத் தலைப்பை அவிழ்த்து அஞ்சலட்டையை எடுத்து நீட்டினார். "இதுல பாருங்க, பின்வரிசையில. ஒரு நாலு தெரியும்."

அதிகாரி வாங்கிப் பார்த்தார், நிதானமாகவே பார்த்தார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்மா. நான் நம்பறேன்னே வெச்சுக்குங்க. ஆனா நான் நம்பறேன்னு எழுத இந்தத் தாள்ல இடம் இல்ல."

அக்காவின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். அறுபத்திரண்டு எண்களுக்கும் எதிரே ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பெயரையும் வாசிக்கும்போது, வந்திருந்தவர்களில் அந்தப் பெயருக்கு உரிய குடும்பம் எழுந்து அழுதது. ஆள்பதிவேட்டில் 417 வந்தபோது வாசிக்காமல் தாண்டிப் போனார். மடிந்த வில்லையை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே ஏதோ எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அண்ணி அதைத் தொடவில்லை. தொட விடுவார்களா என்று கேட்கவுமில்லை.

நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று காப்பாட்சியர் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வதென்று அவர் தடுமாறியபோது அக்காவே வாசல் சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார்.

அக்காவும் அண்ணியும் வெளியே வந்தார்கள். அக்கா மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையைக் கொடுக்க நான் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அவர்கள் அருகருகே நின்றிருந்தார்கள், நடுவில் இன்னொருவர் நிற்கும் அளவு இடம் விட்டு. நான் பையை நீட்ட, அக்கா வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல வாயெடுத்தவரை அண்ணி குறுக்கே பேசி நிறுத்தினார். என்னை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா?"

"தட்டே போயிருக்கும் அண்ணி. யாருக்கும் கிடைச்சிருக்காது."

"அவங்களோட சேந்து காத்திருந்திருப்பேன். எட்டு மாசம்தானே. எனக்குக் காத்திருக்கத் தெரியாதா?"

"அறுபத்திரண்டு பேர் அண்ணி."

அண்ணி கையிலிருந்த கடிதத்தை மடித்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடி மடித்தார்.

"எனக்கு ஒருத்தர்," என்றார்.

பஸ் வந்தது. அண்ணி முதலில் ஏறினார். உள்ளே நிறைய இடம் இருந்தது. டிரைவருக்குப் பின்னால் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய இருக்கையைத் தேடிப் போய் உட்கார்ந்தார்.